தாயகம் என்று பெயர் சூட்டப்பட்ட வேற்று நாடு

லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் யூனியன் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்து சாலையைக் கடந்தால், வட்ட வடிவில் ஒரு பழைய திடல் இருக்கிறது. நடுவில் இசைக்குழுவினர் நின்று வாசிப்பதற்கான மேடை ஒன்றும், அதைச் சுற்றிப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நட்ட மோர்ட்டன் பே அத்தி மரங்களும் நிற்கின்றன. நம் ஆலமரத்துக்கு அவை நெருங்கிய இனம். காம்பைக் கிள்ளினால் அதே வெள்ளைப் பால் கசியும். விழுதுகள் மட்டும் கிடையாது. இந்த நகரத்துக்கு வேலைக்கு வந்த நாள் முதல் அந்த நிழலில் எத்தனையோ மாலைகள் உட்கார்ந்திருக்கிறேன். 1931-ஆம் ஆண்டு பிப்ரவரி 26-ஆம் தேதி அதே மரங்களின் அடியில் என்ன நடந்தது என்பதை நான் அறிந்துகொண்டதோ மிகவும் பிந்தித்தான். திடலுக்கு அருகிலுள்ள மெக்சிக்கப் பண்பாட்டு மையத்தில் ஒரு நினைவுக்கல்லைக் காண நேர்ந்து, அதன் பின் தேடிப் படித்ததில் தெரிந்தது. 1930-களில் மெக்சிக்க வம்சாவளியினர் லட்சக்கணக்கில் அமெரிக்காவை விட்டு அனுப்பப்பட்ட கதையின் ஒரு பகுதி அது.

அன்று வியாழக்கிழமை, பிற்பகல் மூன்று மணி இருக்கும். லா பிளசீட்டா என்று மெக்சிக்க மக்கள் செல்லமாக அழைக்கும் அந்தத் திடலில் வழக்கம்போல் கூட்டம் இருந்தது. அப்போது குடிவரவு அதிகாரிகளும், சீருடையிலும் சாதாரண உடையிலும் வந்த காவலர்களும் வழிகளை அடைத்து, உள்ளே இருந்த சுமார் 400 பேரை ஒரு மணி நேரத்துக்கும் மேலாக நிறுத்திவைத்து, ஒவ்வொருவரிடமும் குடிவரவுத் தாள்களைக் காட்டும்படி கேட்டார்கள். செய்தி அறிந்து மெக்சிக்கத் துணைத் தூதர்கள் இருவர் அங்கே வந்து சேர்ந்தனர். முடிவில் பிடித்துச் செல்லப்பட்டவர்கள் 11 மெக்சிக்கர்களும், 5 சீனர்களும், ஒரு ஜப்பானியரும். அந்த 11 மெக்சிக்கர்களில் 9 பேர் மறுநாளே விடுவிக்கப்பட்டார்கள்.

நானூறு பேரை மறித்து, கடைசியில் இரண்டு மெக்சிக்கர்களைப் பிடிப்பதற்காகவா இவ்வளவு பெரிய ஏற்பாடு என்ற கேள்வி எனக்கு முதலில் எழுந்தது. அதற்கான விடை சோதனைக்கு ஏழு வாரங்களுக்கு முன்பே, 1931 ஜனவரியில், அந்த நகரிலிருந்து வாஷிங்டனுக்குப் போன ஒரு தந்தியில் இருக்கிறது. அதை அனுப்பியவர் சார்ல்ஸ் விசெல். வேலையில்லாதோருக்கு நிவாரணம் ஒருங்கிணைப்பதற்காக லாஸ் ஏஞ்சலிஸில் அமைக்கப்பட்டிருந்த குடிமக்கள் குழுவின் பொறுப்பாளர் அவர். அப்போதைய தொழிலாளர் துறைச் செயலர் வில்லியம் டோக், நாட்டில் நாலு லட்சம் பேர் முறையற்று நுழைந்தவர்கள் என்று ஒரு கணக்கை வெளியிட்டிருந்தார். அந்த எண்ணைக் கையில் எடுத்துக்கொண்ட விசெல், தம் வட்டாரத்திலும் அத்தகையோர் உண்டு, அவர்கள் செய்யும் வேலைகள் தேவையில் வாடும் குடிமக்களுக்கு வேண்டும், அவர்களை அகற்றும் வழியைச் சொல்லுங்கள் என்று கேட்டார். அவரே முன்வைத்த வழி இதுதான்: முதலில் பத்திரிகைகளில் பரபரப்பாகச் செய்தி வரச் செய்யவேண்டும், பிறகு எல்லோர் கண்ணிலும் படும்படி சில கைதுகளை நடத்தவேண்டும், அதைப் பார்த்து அஞ்சி ஆயிரக்கணக்கானோர் தாமாகவே கிளம்பிவிடுவார்கள்.

இந்தத் திட்டத்தை மனத்தில் வைத்துக்கொண்டு அந்த வியாழக்கிழமையைத் திரும்பிப் பார்த்தால் எல்லாம் விளங்குகிறது. பதினேழு பேர் கைதானது அங்கே கணக்கே இல்லை. அன்று மாலை நானூறு பேர் வீட்டுக்குப் போய் என்ன சொன்னார்கள் என்பதுதான் கணக்கு. குடியிருப்புகள்தோறும், கடைகள்தோறும், தேவாலய வாசல்தோறும் அந்தச் செய்தி பரவியது. அதற்கு இரண்டு வாரங்களுக்கு முன், பிப்ரவரி 13 அன்று, எல் மோன்டே பகுதியிலும் இதேபோல் ஒரு வளைப்பு நடந்திருந்தது. அங்கே விசாரிக்கப்பட்டவர் சுமார் 300 பேர், சிறைப்பட்டவர் 13 பேர்.

இந்த மக்கள் எப்படி அங்கே வந்தார்கள் என்பதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. 1910-இல் தொடங்கிப் பத்தாண்டுகள் மெக்சிக்கோவை உலுக்கிய புரட்சியிலிருந்தும், 1926 முதல் 1929 வரை நடந்த கிறிஸ்தேரோ போரிலிருந்தும் தப்பி வந்தவர்கள் பலர். அவர்களைவிட அதிகமானோர் வேலைக்காக அழைத்து வரப்பட்டவர்கள். ஆசிய நாட்டவரை முன்பே தடுத்துவிட்ட அமெரிக்கா, 1924-இல் ஐரோப்பியர் வரவையும் ஒதுக்கீட்டுச் சட்டத்தால் சுருக்கியபோது, மேலை அரைக்கோள நாடுகளை அந்த வரம்பில் சேர்க்கவில்லை. தண்டவாளம் போட, பருத்தி எடுக்க, சர்க்கரை எடுக்கும் பீட் கிழங்கு பிடுங்க, ஆரஞ்சுத் தோப்புகளில் பழம் பறிக்க, இண்டியானா எஃகு ஆலைகளிலும் டெட்ராய்ட் கார் ஆலைகளிலும் உலைக்கு முன் நிற்க ஆள் வேண்டியிருந்தது. இவ்வளவு பேர் வந்தால் நாட்டின் நிறமே மாறிவிடாதா என்று நாடாளுமன்றத்தில் சிலர் கேட்டபோது, பண்ணை முதலாளிகளின் சார்பில் பேசியவர்கள் ஒரு சமாதானம் சொன்னார்கள். மெக்சிக்கர் புறாவைப் போன்றவர், வேலை முடிந்ததும் தம் கூட்டுக்குத் திரும்பிவிடுவார் என்று 1926-இல் கலிஃபோர்னியப் பண்ணையாளர்களின் பேச்சாளர் ஒருவர் அவைக் குழுவின் முன் சொன்னது பதிவாகியிருக்கிறது.

அந்தப் புறாக் கதையை நம்பினார்களோ நம்புவதாகக் காட்டிக்கொண்டார்களோ தெரியவில்லை. மனிதர்கள் அப்படி வாழ்வதில்லை. வந்தவர்கள் திருமணம் செய்துகொண்டார்கள், பிள்ளை பெற்றார்கள், தவணையில் வீட்டு மனை வாங்கினார்கள், இறந்தவர்களை அந்த மண்ணிலேயே புதைத்தார்கள். அந்தப் பிள்ளைகள் அமெரிக்கச் சட்டப்படி பிறப்பாலேயே குடிமக்கள். பள்ளியில் கொடி வணக்கம் சொல்லி, தெருவில் ஆங்கிலம் பேசி வளர்ந்தவர்கள். ஆனால் 1930-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 'மெக்சிக்கர்' என்ற புதிய இனப் பிரிவை முதன்முறையாகச் சேர்த்து, அங்கேயே பிறந்த பிள்ளைகளையும் அந்தப் பத்தியில் எழுதியது. அப்படி எழுதப்பட்டவர்கள் 14 லட்சத்துச் சொச்சம் பேர். எதிர்ப்பு எழுந்தபின் அடுத்த கணக்கெடுப்பிலேயே அந்தப் பிரிவு எடுக்கப்பட்டுவிட்டது. இடைப்பட்ட பத்தாண்டுகள்தான் நான் எழுதிக்கொண்டிருக்கும் பத்தாண்டுகள்.

1929 அக்டோபரில் பங்குச் சந்தை சரிந்து, பின்னர் வங்கிகள் மூடப்பட்டு, ஆலைகள் ஆட்களை நிறுத்தியபோது, முதலில் நிறுத்தப்பட்டவர்கள் இவர்கள்தாம். அந்த ஆண்டு மார்ச் மாதத்திலேயே அனுமதியின்றி எல்லை தாண்டுவதைக் குற்றமாக்கும் சட்டம் வந்திருந்தது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் எல்லையை ஏறக்குறைய அடுத்த தெருவைப் போலக் கடந்து வந்தவர்களுக்கு, வந்த தேதியைக் காட்டும் தாள் ஏது? 1930-இல் ஹெர்பர்ட் ஹூவரின் அரசு, பொதுநிதிக்குச் சுமையாகக்கூடியவருக்கு அனுமதி இல்லை என்ற பழைய விதியைக் கடுமையாக்கிப் புதிய விசாக்களைப் பெரிதும் குறைத்தது. 1931-இல் கலிஃபோர்னியா, பொதுப்பணிகளில் அயல்நாட்டவருக்கு வேலை தரக்கூடாது என்று சட்டம் இயற்றியது. இப்படி ஒவ்வொரு கதவாகச் சாத்திக்கொண்டே வந்து, வெளியேறும் கதவை மட்டும் அகலத் திறந்து வைத்தார்கள்.

அந்தக் கதவு எப்படித் திறந்தது என்பதுதான் என்னை மிகவும் கலங்கச் செய்யும் பகுதி. அரசு ஆணை பிறப்பித்து முறைப்படி நாடு கடத்தியவர்களின் எண்ணிக்கை, மொத்தத்தோடு ஒப்பிட்டால் சிறியது. 1929 முதல் 1935 வரை சுமார் 82,000 மெக்சிக்கர்கள் என்று கணக்கு இருக்கிறது. மெக்சிக்க அரசின் பதிவேடுகளின்படி 1929 முதல் 1937 வரை எல்லை கடந்து திரும்பியவர்கள் நாலரை லட்சத்துக்கும் மேல். வரலாற்றாளர்களின் மதிப்பீடுகள் மூன்று லட்சத்திலிருந்து இருபது லட்சம் வரை விரிந்து கிடக்கின்றன. அவர்களில் 60 விழுக்காட்டினர் வரை அமெரிக்கக் குடிமக்கள் என்றும், அவர்களிலும் பெரும்பாலோர் குழந்தைகள் என்றும் பரவலாகக் கருதப்படுகிறது. முறையான ஆணையால் போனவர்களைக் கழித்தால் எஞ்சும் அந்தப் பெருந்திரளைப் பதிவேடுகள் தாமாக விரும்பிச் சென்றவர்கள் என்றே எழுதிவைத்திருக்கின்றன.

விருப்பம் என்ற சொல் அந்த வீடுகளில் என்ன பொருள் தந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன். வேலை போய் மாதங்கள் ஆகியிருக்கும். கவுண்டி எனப்படும் மாவட்ட நிர்வாகத்தின் ஏழைகள் உதவித் துறை தரும் மளிகை உதவியில்தான் அடுப்பு எரியும். ஒரு நாள் அந்தத் துறையின் ஊழியர் வந்து சமையலறை மேசையில் உட்கார்ந்து, நீங்கள் உங்கள் நாட்டுக்குத் திரும்பிப்போனால் பிழைத்துக்கொள்ளலாமே, குடும்பம் முழுவதற்கும் ரயில் சீட்டை நாங்களே தருகிறோம் என்கிறார். மறுத்தால் உதவி குறையலாம், நிற்கவும் செய்யலாம் என்பது சொல்லியும் சொல்லாமலும் தெரிவிக்கப்படுகிறது. வெளியே திடலில் ஆட்களைப் பிடித்துச் சென்ற செய்தி காதில் இருக்கிறது. தகப்பனிடம் தாள் இல்லை. பிள்ளைகளிடம் பிறப்புச் சான்றிதழ் இருக்கிறது. தகப்பனை மட்டும் அனுப்பிவிட்டுத் தாய் தனியாகப் பிள்ளைகளைக் காப்பதா, எல்லோரும் சேர்ந்து போவதா? அந்த மேசையில் கையெழுத்துப் போட்ட மனிதரை விரும்பிச் சென்றவர் என்று எழுதுவது பொய்.

லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டி ஏற்பாடு செய்த முதல் ரயில் 1931 மார்ச் 23 அன்று புறப்பட்டது. சதர்ன் பசிபிக் ரயில் நிறுவனத்துடன் மொத்தமாகப் பேசி, மெக்சிக்கோ நகரம் வரை ஆள் ஒன்றுக்கு 14 டாலர் 70 சென்ட் என்று கட்டணம் முடிவாகியிருந்தது. ஒரு குடும்பத்தை உள்ளூரிலேயே வைத்துப் பராமரிக்கும் செலவோடு இதை ஒப்பிட்டு, எவ்வளவு மிச்சம் என்று கூட்டிக் கழித்துப் பார்த்தார்கள். ஆறாயிரத்துச் சொச்சம் பேரை அனுப்ப 77,000 டாலருக்கும் சற்று அதிகம் செலவு. அவர்களை வைத்திருந்தால் ஆகியிருக்கும் உதவித் தொகை 4,24,000 டாலருக்கும் மேல். ஆகவே மூன்று லட்சத்து நாற்பத்தேழாயிரம் டாலர் மிச்சம் என்ற கணக்கு அக்காலத்திலேயே அச்சில் வந்திருக்கிறது. 1934 வரை அந்த ஒரு கவுண்டி மட்டும் 13,000-க்கும் மேற்பட்டோரை இப்படி அனுப்பியது. அந்த மிச்சக் கணக்கில் ஒரு பக்கம் எழுதப்படவே இல்லை. இதே மக்கள் இருபது ஆண்டுகளாகச் செலுத்திய வரி, அவர்கள் போட்ட தண்டவாளம், அவர்கள் பறித்த பழத்தின் விலை ஆகியவை எந்தப் பத்தியிலும் இல்லை. அந்த வட்டார ரயில் பாதைகளைப் பராமரிக்கச் சம்மட்டி பிடித்தவர்களில் பெரும்பாலோர் மெக்சிக்கத் தொழிலாளர்களே என்பது நினைவுக்கு வரும்போது அந்தக் கணக்குத் தாளை என்னால் தொடர்ந்து படிக்க முடியவில்லை.

கலிஃபோர்னியாவின் வணிகச் சபையைச் சேர்ந்தவர்களும் இதை எதிர்த்தார்கள் என்பதையும் சொல்லவேண்டும். அவர்களுடைய கவலை வேறு. அறுவடைக்கு மலிவான ஆட்கள் இல்லாமல் போவார்களே என்பது அது. அந்த மக்களுக்காக மனம் வருந்திப் பேசிய குரல்கள் சில இருந்தன. ஆனால் தேர்தல், வரி, வேலையின்மை என்று இரைந்த குரல்களுக்கு நடுவே அவை எடுபடவில்லை.

இது ஒரு நகரத்தோடு நின்ற செய்தியும் இல்லை. டெக்சஸ் மாநிலத்தின் கார்ன்ஸ் சிட்டி வட்டாரத்திலிருந்து 1931 அக்டோபரில் சுமார் 2,700 பேர் வண்டிகளில் சாமான்களை ஏற்றிக்கொண்டு ஒரே ஊர்வலமாக லாரெடோ எல்லைக்குப் போனார்கள். பருத்தி விலை வீழ்ந்து, குத்தகை நிலம் கைவிட்டுப் போனவர்கள் அவர்கள். இண்டியானாவின் ஈஸ்ட் சிகாகோவில் முன்னாள் படைவீரர் சங்கமே 1932-இல் ரயில்களை ஏற்பாடு செய்தது. டெட்ராய்டில் அந்த ஆண்டு சுவரோவியம் தீட்ட வந்திருந்த டியேகோ ரிவேரா, தம் நாட்டவர் அங்கே பட்டினி கிடப்பதைக் கண்டு, திரும்பிப்போய்க் கூட்டுறவுப் பண்ணைகள் அமைக்கலாம் என்று நல்லெண்ணத்தோடே ஊக்குவித்தார், தம் பணத்தையும் தந்து உதவினார். போனவர்களுக்கு அங்கே நேர்ந்ததை அறிந்தபின் அவருடைய எண்ணம் மாறியது. 1933-இல் ஆட்சி மாறி ரூஸ்வெல்ட் வந்ததும் மைய அரசின் வளைப்புகள் தணிந்தன. ஆனால் கவுண்டிகளும் நகரங்களும் அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியிலும் ஆட்களை அனுப்பிக்கொண்டே இருந்தன.

இந்த முழுச் செயலுக்கும் அன்று சூட்டிய பெயர் 'ரிபேட்ரியேஷன்'. தாய்நாட்டுக்குத் திருப்பி அனுப்புதல் என்று பொருள். நான் இந்தக் கதையை விடாமல் தேடிப் படித்ததற்குக் காரணம் அந்த ஒற்றைச் சொல்தான். ஏனென்றால் அதன் தமிழ் வடிவம் எங்கள் வீட்டுத் தகரப் பெட்டிக்குள் இருக்கிறது. நான் பிறந்தது கோத்தகிரியில். என் அப்பா பிறந்தது இலங்கையின் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில். தாத்தா பிறந்ததும் அதே தோட்டத்து லயத்தில்தான். 1964-இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, தோட்டத் தொழிலாளர்களில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது, மீதியைப் பிறகு பேசிக்கொள்வது என்று முடிவாயிற்று. அப்படி வந்தவர்களுக்கு இந்திய அரசு வைத்த பெயர் 'தாயகம் திரும்பியோர்'. பதின்மூன்று வயதில் தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் குடும்ப அட்டை வாங்கும்வரை அப்பா இந்தியாவைப் பார்த்ததே இல்லை. நீலகிரியில் அவரை எல்லோரும் சிலோன்காரர் என்றே அழைத்தார்கள், இன்றும் அழைக்கிறார்கள். இரண்டு வரலாறுகளும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. எங்கள் கதையில் இரு அரசுகள் கையெழுத்திட்ட ஒப்பந்தம் இருந்தது. மெக்சிக்கரின் கதையில் பல இடங்களில் ஒரு தாளும் இல்லை. ஆனால் போகாத ஊருக்குத் திரும்புவதாகச் சொல்லி அனுப்பப்பட்ட பிள்ளைகள் இரண்டிலும் இருக்கிறார்கள்.

லாஸ் ஏஞ்சலிஸ் பிள்ளைகளில் ஒருவர், முதுமை எய்திய பின் 2003-இல் கலிஃபோர்னிய செனட் குழுவின் முன் வந்து பேசினார். 1926-இல் அந்த நகரில் பிறந்தவர். தகப்பனார் கொத்தனார், தாயார் காசநோயால் இறந்துவிட்டார். 1935-இல் தகப்பனாரும் அண்ணனும் அவரும் விடிவதற்கு முன் இருட்டிலேயே ரயில் நிலையத்துக்குப் போனார்கள். கையில் ஒரு டிரங்குப் பெட்டி மட்டுமே. போய்ச் சேர்ந்த இடம் துராங்கோ மாநிலம். வீட்டுக்குள் குழாய்த் தண்ணீரும் மின்விளக்கும் பழகிய ஒன்பது வயதுச் சிறுமி, உறவினர் தயவில் வீடு வீடாக மாறியும், திறந்தவெளியில் சமைத்தும் வாழவேண்டியதாயிற்று. அங்கே மற்றப் பிள்ளைகள் அவரை 'ரெபாத்ரியாதா' என்று கூப்பிட்டுச் சீண்டினார்கள். தாயகம் திரும்பியவள் என்று பொருள். தாம் அமெரிக்காவில் பிறந்தவர், அமெரிக்கக் குடிமகள், ஆகவே அந்தப் பெயர் தமக்குப் பொருந்தாது என்பதை அவர் எழுபது ஆண்டுகளுக்குப் பிறகும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

அவரைப் போன்றோர் இறங்கிய மெக்சிக்கோவும் அதே பொருளாதார மந்தத்தில் தவித்த நாடுதான். ஒன்றரைக் கோடியைச் சற்றே கடந்த மக்கள்தொகையுள்ள நாட்டில் சில ஆண்டுகளுக்குள் இத்தனை லட்சம் பேர் வந்து இறங்கினால் வேலைக்கு எங்கே போவது? எல்லையிலிருந்து ஊர் வரை இலவச ரயில் பயணமும், நிலம் தருவதாக வாக்குறுதியும் அரசு தந்தது. தேசிய அளவில் குழு அமைத்து ஐந்து லட்சம் பெசோ நிதி திரட்டவும் முயன்றார்கள். அந்தப் பணத்தில் பசிபிக் கரையோரம் பினொத்தேபா என்னுமிடத்தில் ஏற்படுத்திய குடியேற்றம், வெப்பமும் நோயும் தாங்காமல் சில மாதங்களிலேயே கலைந்தது. சாவுகள் ஏற்பட்டன, பிழைத்தவர்கள் நடந்தே வெளியேறினார்கள். பெரும்பாலோர் அரசுத் திட்டம் எதற்கும் காத்திராமல், தாங்கள் விட்டுவந்த கிராமத்துக்கே போய், அண்ணன் தம்பி வீட்டுத் தாழ்வாரத்தில் ஒண்டினார்கள். அங்கே பெரியவர்களுக்காவது உறவு முறை சொல்ல ஆள் இருந்தது. பிள்ளைகளுக்கோ பேசும் ஸ்பானியமே கொச்சை என்று பள்ளியில் சிரிப்பு. வகுப்பில் வயதுக்குக் குறைந்த படிப்பில் உட்காரவைக்கப்பட்டவர்களும், பள்ளியே இல்லாத ஊரில் படிப்பை விட்டவர்களும் உண்டு.

திரும்பி வருவதற்கும் தடை இருந்தது. கவுண்டியின் செலவில் சீட்டு வாங்கியவர் என்ற குறிப்பே, அவர் பொதுநிதிக்குச் சுமையானவர் என்பதற்குச் சான்றாகக் கொள்ளப்பட்டது. அதைக் காட்டியே பெற்றோருக்கு விசா மறுக்கலாம். பிறந்த பிள்ளைகளுக்குச் சட்டப்படி உரிமை இருந்தது, ஆனால் அதை நிறுவ அமெரிக்காவிலிருந்து பிறப்புச் சான்றிதழ் வரவேண்டும். மெக்சிக்கோவின் ஒரு சிற்றூரிலிருந்து அதை எழுதிக் கேட்டு வாங்குவது எத்தனை குடும்பங்களால் முடிந்திருக்கும்? அவர்களின் இளமைப் பருவமே அந்தக் காத்திருப்பில் கழிந்தது.

பிறகு போர் வந்தது. 1942 ஆகஸ்ட் 4 அன்று அமெரிக்காவும் மெக்சிக்கோவும் ஒப்பந்தம் செய்து, பண்ணை வேலைக்கும், அடுத்த ஆண்டு முதல் தண்டவாள வேலைக்கும் மெக்சிக்கத் தொழிலாளர்களை மறுபடி அழைத்துவரத் தொடங்கின. பிராசேரோ என்று பெயர் பெற்ற அந்த ஏற்பாடு 1964 வரை நீடித்தது. பத்தாண்டுகளுக்கு முன் இலவசச் சீட்டு கொடுத்து வெளியேற்றிய அதே வயல்களுக்கு, அதே கைகள் இப்போது தற்காலிக ஒப்பந்தக் கூலியாகத் திரும்பின. அனுப்பப்பட்ட பிள்ளைகளில் பலர், குடிமக்கள் என்ற முறையில் படையில் சேர எல்லைக்கு வந்தார்கள்.

வெளியேற்றியதால் மற்றவர்களுக்கு வேலை கிடைத்ததா என்ற கேள்விக்குப் பொருளியலாளர்கள் மூவர் 2017-இல் ஒரு விரிவான ஆய்வில் விடை தேடினார்கள். அதிகமானோரை வெளியேற்றிய நகரங்களையும் குறைவாக வெளியேற்றிய நகரங்களையும் மக்கள்தொகைக் கணக்குகளைக் கொண்டு ஒப்பிட்டுப் பார்த்ததில், உள்ளூர்க்காரர்களின் வேலைவாய்ப்பு எங்கும் கூடியதாகத் தெரியவில்லை. சிறிதளவு குறைந்திருக்கவும் கூடும் என்றே கண்டார்கள். காரணம் எளிதில் விளங்கக்கூடியதுதான். வயலில் பழம் பறிப்பவர் போய்விட்டால் பெட்டி கட்டுபவர், கணக்கு எழுதுபவர், லாரி ஓட்டுபவர் ஆகியோரின் வேலையும் சுருங்குகிறது. வாடகை கொடுத்து மளிகை வாங்கிய குடும்பம் போய்விட்டால் தெருமுனைக் கடையும் சுருங்குகிறது. ஆனாலும் இந்த ஆய்வை நான் தயக்கத்தோடுதான் இங்கே எழுதுகிறேன். ஒருவேளை வேலைகள் கூடியிருந்தால் மட்டும் அந்தச் சிறுமியை இருட்டில் ரயிலேற்றியது சரியாகிவிடுமா?

எழுபது ஆண்டுகளுக்கு இதைப் பற்றிப் பெரும்பாலும் மௌனமே நிலவியது. போய்த் திரும்பியவர்கள் தம் பிள்ளைகளிடம்கூடச் சொல்லவில்லை. வெளியேற்றப்பட்டது தங்கள் குறை என்பதுபோல் வெட்கப்பட்டார்கள். 1995-இல் இரு வரலாற்றாசிரியர்கள் எழுதிய நூல் ஒன்று அந்த மௌனத்தை உடைத்தது. அவர்களில் ஒருவரின் தந்தையே அப்படிப் போனவர். அதைப் படித்த கலிஃபோர்னிய செனட் உறுப்பினர் ஜோசப் டன் விசாரணைகள் நடத்தி, சட்ட முன்வரைவு கொண்டுவந்தார். 2005-இல் நிறைவேறி 2006 முதல் நடப்புக்கு வந்த அந்தச் சட்டத்தின் வழியாக மாநிலம் முறைப்படி மன்னிப்புக் கேட்டது. இழப்பீடு குறித்த முன்வரைவுகளை அன்றைய ஆளுநர் ஷ்வார்ஸ்நேகர் ஏற்கவில்லை. 2012 பிப்ரவரி 26 அன்று, திடல் வளைப்பு நடந்த அதே தேதியில், நான் பார்த்த அந்த நினைவுக்கல் திறக்கப்பட்டது. அதன்பின் பெல் கார்டன்ஸ் பகுதியின் தொடக்கப் பள்ளி மாணவர்கள் சிலர், இது ஏன் எங்கள் பாடப் புத்தகத்தில் இல்லை என்று கேட்டு மாநிலச் சட்டமன்றம் வரை போனார்கள். 2015-இல் அதைப் பாடத்திட்டத்தில் சேர்க்க ஊக்குவிக்கும் சட்டம் கையெழுத்தானது. நாலாம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள். அந்தச் சிறுமி ரயிலேறிய அதே வயது.

இவ்வளவும் படித்து முடித்த அன்று இரவு கோத்தகிரிக்குத் தொலைபேசியில் அழைத்து அப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன். இடையில் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தவர், "பொறந்த ஊரை விட்டுட்டு வேற எந்த ஊருக்குத் திரும்புறதாம்?" என்று ஒரு முறை கேட்டார். பிறகு அந்தப் பெண் கடைசியில் ஊர் வந்து சேர்ந்தாரா என்று விசாரித்தார். சேர்ந்தார் என்றேன். லாஸ் ஏஞ்சலிஸில் இருந்த ஞானத்தாய் அவருடைய பிறப்புச் சான்றிதழைத் தேடி எடுத்து அனுப்பிவைக்க, 1944-இல், பதினெட்டாம் வயதில், எல்லையில் அந்தத் தாளைக் காட்டி உள்ளே வந்தார். சிறு வயதில் பேசிய ஆங்கிலம் அதற்குள் மறந்துபோயிருந்ததால் மறுபடி முதலிலிருந்து கற்றுக்கொண்டார். அப்பா சிறிது நேரம் ஒன்றும் சொல்லவில்லை. தகரப் பெட்டியில் மண்டபம் முகாமின் குடும்ப அட்டைக்கு அடியில், மடிப்புகள் கிழிந்து, ஹட்டன் பதிவாளர் முத்திரையோடு அவருடைய பிறப்புச் சான்றிதழும் இருக்கிறது. பிளாஸ்டிக் உறை ஒன்று வாங்கி அதைப் போட்டு வைக்கவேண்டும் என்று சொல்லிவிட்டு, அம்மாவிடம் தொலைபேசியைக் கொடுத்தார்.